எக்ஸ்ரே கிளியர், அப்புறம் எப்படி கிராக் வந்துச்சு?

சாயங்காலம் ஒரு கனமான பைப்புல கடைசி பாஸ், அதாவது கடைசி அடுக்கு வெல்டு, போட்டு முடிக்கறாங்க, கிரைண்டர் வச்சு தேச்சு விடறாங்க, ராத்திரியே எக்ஸ்ரே எடுத்து காலைல பிலிம் பாத்தா சுத்தமா இருக்கு, ரிப்போர்ட்ல அக்செப்டட்னு கையெழுத்தும் ஆயிடுது. நாலு நாள் கழிச்சு ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்தற சோதனை, வைக்கறப்ப அதே ஜாயின்ட்ல, வெல்டு மேல இல்ல, வெல்டோட ஓரத்துல, முடி மாதிரி ஒரு கோடு. அதுல தண்ணி கசியுது. உடனே வெல்டர் சரியில்லன்னு ஒருத்தர் சொல்வாரு, பிலிம் படிச்சவர் கவனிக்கலன்னு இன்னொருத்தர் சொல்வாரு. பல தடவை அந்த ரெண்டு பேர் மேலயுமே தப்பு இருக்காது. பிலிம் எடுத்த நேரத்துல அந்த கிராக் அங்க இல்லவே இல்ல, அதுக்கு அப்புறம்தான் பொறந்துச்சு.

இன்ஸ்பெக்ஷன்னா கருவிய எடுத்துட்டு போய் பாக்கறதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. ஆனா எந்த கருவி, எந்த எடத்துல, முடிஞ்சு எத்தன மணி நேரம் கழிச்சுங்கற மூணையும் முடிவு பண்ண வேண்டியது அந்த உலோகம் சூடாகி ஆறுனப்ப அதுக்குள்ள என்ன நடந்துச்சுங்கறதுதான். அது தெரியாம எடுக்கற "நோ டிபெக்ட்" ரிப்போர்ட்டுக்கு, அந்த முறையால பாக்க முடிஞ்சது எதுவும் அந்த நேரத்துல தென்படலங்கறத தாண்டி அர்த்தம் கெடையாது. இத கொஞ்சம் விலாவாரியா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன்.

முதல்ல வெல்டுக்கு பக்கத்துல இருக்கற இரும்பப் பாப்போம். ஆர்க் அடிக்கற எடத்துல இரும்பு 1500 டிகிரிக்கு மேல போய் உருகுது, உருகி உறைஞ்சது வெல்டு மெட்டல், அது நாம பாத்து பாத்து தேர்ந்தெடுத்த எலெக்ட்ரோடுல இருந்து வந்தது, அதோட கெமிஸ்ட்ரி நம்ம கையில இருக்கு. ஆனா அதுக்கு ஒட்டினாப்ல ஒரு சில மில்லிமீட்டர் அகலத்துக்கு உருகாம, அதே சமயம் பயங்கரமா சூடாகி ஆறுன ஒரு பட்டை இருக்கு பாருங்க, அதத்தான் ஹாஸ்னு சொல்றோம், வெப்பத்தால மாறுன பகுதி. இங்க பில்லர், அதாவது எலெக்ட்ரோடுல இருந்து வர்ற உலோகம், எதுவும் கலக்கல, பிளேட்டோட அதே இரும்பு, ஆனா இப்ப அது பழைய இரும்பு கெடையாது. உருகுன கோட்டுக்கு ஒட்டி இருக்கறது 1100 டிகிரிக்கு மேல போனதால அங்க உலோகத்தோட குருணைங்க (கிரெயின்) எல்லாம் பெருத்துப் போயிருக்கும், கொஞ்சம் தள்ளி குருணை பொடிசா இருக்கும், இன்னும் தள்ளி பாதி மாறியும் மாறாமலும் இருக்கும். ஒரே ஒரு ஜாயின்ட்ல இத்தன விதமான இரும்பு.

இதுல முக்கியமானது எவ்வளவு சூடாச்சுங்கறத விட எவ்வளவு வேகமா ஆறுச்சுங்கறதுதான். 800ல இருந்து 500 டிகிரிக்கு எறங்க எத்தன செகண்டு ஆச்சுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அந்த நேரம் ரொம்ப கம்மின்னா கார்பன் வெளிய வர நேரம் கெடைக்காம உள்ளயே மாட்டிக்கிட்டு மார்டென்சைட்டுன்னு ஒண்ணு உருவாகுது. கொல்லர் இரும்ப பழுக்கக் காய்ச்சி தண்ணியில முக்கறப்ப நடக்கறது அதேதான். கத்திக்கு அந்த கெட்டித்தன்மை வேணும், பிரஷர் வெசலுக்கு வேணாம், ஏன்னா கெட்டியா இருக்கறது கூடவே நொறுங்கற குணமும் வரும்.

தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. தண்ணி தேவையே இல்ல, சுத்தி இருக்கற குளிர்ந்த இரும்பே சூட்ட உறிஞ்சிடும். அதனாலதான் கனமான பிளேட்டு மேல போடற சின்ன வெல்டுதான் ரொம்ப ஆபத்தானது, பெரிய வெல்டு கூட அவ்வளவு இல்ல. டேக் வெல்டு, தூக்கறதுக்கு வைக்கற லக், இன்சுலேஷன் கிளிப்பு, அப்புறம் எல்லாத்தையும் விட மோசமானது ஆர்க் ஸ்ட்ரைக், அதாவது எலெக்ட்ரோடு தவறி பிளேட்டு மேல ஒரு தடவ பட்டு பொறி பறக்கற எடம். அந்த பொட்டு அளவு எடம் உருகி உடனே உறைஞ்சிருக்கும், அதுக்கு கீழ ரொம்ப கெட்டியான ஒரு ஹாஸ் இருக்கும், சில நேரம் ஒரு குட்டி கிராக்கும் இருக்கும். "சும்மா ஒரு பொட்டு சார்"னு சொல்லிட்டு பெயின்ட் அடிச்சிடறாங்க, தயவுசெஞ்சு அப்படி விடாதீங்க, தேச்சு எடுத்துட்டு மேக்னெடிக் பார்ட்டிகிள், அதாவது காந்தமாக்கி இரும்புத்தூள் தூவி கிராக் தேடற முறை, போட்டு பாருங்க.

எந்த ஸ்டீல் எவ்வளவு சுலபமா இப்படி கெட்டிப்படும்னு தெரிஞ்சுக்க கார்பன் ஈக்விவலன்ட் கணக்கு இருக்கு. கார்பன் சதவீதத்த அப்படியே எடுத்து, மாங்கனீசை 6ஆல வகுத்து, குரோமியம் மாலிப்டினம் வனேடியம் மூணையும் கூட்டி 5ஆல வகுத்து, நிக்கலையும் காப்பரையும் கூட்டி 15ஆல வகுத்து, எல்லாத்தையும் சேத்தா ஒரு நம்பர் வரும். 0.40க்கு கீழனா பொதுவா தொந்தரவு இல்ல, 0.45 தாண்டுனா ப்ரீஹீட், அதாவது வெல்டுக்கு முன்னாடியே பிளேட்ட சூடாக்கறது, பத்தி சீரியஸா யோசிக்கணும். இது ஒரு வழிகாட்டி மட்டும்தான், கனமும் ஹைட்ரஜனும் சேந்துதான் கடைசி முடிவு. மில் சர்டிபிகேட்ட கையில வாங்குனதும் ஸ்ட்ரெங்த் நம்பர மட்டும் பாத்துட்டு பைல்ல சொருகிடாம, இந்த கணக்க ஒரு நிமிஷம் போட்டு பாக்கற பழக்கம் வந்தா நல்லது.

இப்ப ஹைட்ரஜனுக்கு வருவோம், அந்த நாலு நாள் கழிச்சு வந்த கிராக்குக்கு காரணமே இதுதான். ஈரமான எலெக்ட்ரோடு, பிளேட்டு மேல இருக்கற துரு, கிரீஸ், பெயின்ட், பனி, இதுல எதுல இருந்தாலும் ஆர்க்கோட சூட்டுல அந்த ஈரமோ எண்ணெயோ பிரிஞ்சு ஹைட்ரஜன் அணுவா உருகுன இரும்புக்குள்ள போயிடும். உருகுன இரும்பு அத நெறைய குடிக்கும், ஆனா உறைஞ்ச இரும்பால அவ்வளவு வச்சுக்க முடியாது, அதனால அது உள்ளயே அலைஞ்சுக்கிட்டு எங்க கெட்டியா இருக்கோ, எங்க இழுவிசை அதிகமோ அங்க போய் சேரும். ஹைட்ரஜன், கெட்டியான ஹாஸ், உள்ள இருக்கற ஸ்ட்ரெஸ், அப்புறம் வெல்டு கைசூட்டு பக்கமா ஆறிடறது, இந்த நாலும் ஒண்ணா சேந்தா கிராக். ஹைட்ரஜன் நடந்து போய் சேர நேரம் ஆகும் இல்லையா, அதனாலதான் சில மணி நேரத்துலயும் வரலாம் சில நாள்லயும் வரலாம். 48 மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணுனு ஸ்பெசிபிகேஷன்ல எழுதிருக்கறத பாத்து வேலைய இழுத்தடிக்கறதுக்கு எழுதிட்டாங்கன்னு நெனைக்கறவங்க உண்டு. அந்த 48 மணி நேரம் ஹைட்ரஜன் நடக்கறதுக்கு நாம விடற நேரம்.

7018ங்கற ஹைட்ரஜன் கம்மியான எலெக்ட்ரோட பேக்கிங் ஓவன்ல வச்சு காயவச்சு, அப்புறம் ஹோல்டிங் ஓவன்ல 120 டிகிரிக்கு குறையாம சூடா வச்சிருந்து, சைட்டுக்கு போறப்ப ப்ளக் போட்ட குவிவர்ல, அதாவது கையில தூக்கற சூடான டப்பாவுல, எடுத்துட்டு போகணும்னு சொல்றதுக்கும் இதான் காரணம். அந்த எலெக்ட்ரோடு மேல இருக்கற பூச்சு காத்துல இருக்கற ஈரத்த பஞ்சு மாதிரி இழுக்கும். பாக்கெட்டு மேல ஹெச்4, ஹெச்8னு போட்டிருக்கறது 100 கிராம் வெல்டு மெட்டலுக்கு 4 மில்லி, 8 மில்லிக்கு மேல ஹைட்ரஜன் வராதுங்கற உத்தரவாதம், ஆனா அது பாக்கெட்ட தெறந்த நிமிஷத்துக்குத்தான், குவிவரோட ப்ளக்க புடுங்கிட்டு அதுல கிரைண்டர போட்டா அந்த உத்தரவாதம் அங்கயே முடிஞ்சுது. 6010 மாதிரி செல்லுலோஸ் எலெக்ட்ரோடு இதுக்கு நேர் எதிர், அதுக்கு பூச்சுல கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் ஆர்க் சரியா நிக்கும், அதப் போய் ஓவன்ல வறுத்துடக் கூடாது. ரூட்டுக்கு, அதாவது ஜாயின்ட்டோட அடியில போடற முதல் பாஸுக்கு, நல்லா ஊடுருவும்தான், ஆனா ஹைட்ரஜன் பல மடங்கு, அதனால கெட்டிப்படற ஸ்டீல்ல அத வச்சு ரூட் போடறதுக்கு முன்னாடி பல தடவ யோசிக்கணும்.

ப்ரீஹீட் ஏன்னு கேட்டா ஈரத்த ஓட்டறதுக்குன்னு மட்டும் பதில் வரும், அது பாதி பதில்தான். மீதி என்னன்னா ஆறற வேகம் குறையுது, அதனால மார்டென்சைட் கம்மியாகுது, அதோட சூடு தங்கியிருக்கற நேரம் முழுக்க ஹைட்ரஜன் வெளிய ஓடிக்கிட்டே இருக்கு. ரொம்ப கனமான ஜாயின்ட்டா இருந்தா முடிச்ச கையோட ஆற விடாம 250, 300 டிகிரில சில மணி நேரம் வச்சிருப்பாங்க, அதுக்கு ஹைட்ரஜன் பேக்அவுட்னு பேரு. டார்ச்ச ஒரு பக்கம் காட்டிட்டு அதே பக்கத்துல குறிப்பிட்ட சூட்டுல உருகற டெம்ப்ரேச்சர் சாக்கு தேச்சு பாத்தா எப்பவும் ஓகேன்னுதான் காட்டும், எதிர்ப்பக்கம் தேச்சு பாக்கணும்.

சின்ன வெல்டு விஷயத்துக்கு மறுபடி வரேன், ஏன்னா இதுக்கு ஒரு பெரிய வெல கொடுத்திருக்காங்க. 1980 மார்ச் 27, வட கடல்ல நார்வே பகுதியில அலெக்சாண்டர் கீலண்ட்ங்கற மிதக்கும் மேடை கவுந்துச்சு. மத்த மேடைல வேலை பாக்கறவங்க தங்கறதுக்கு அத வச்சிருந்தாங்க, அன்னிக்கு அதுல 212 பேரு, அதுல 123 பேரு செத்துப் போனாங்க. விசாரணைல தெரிஞ்சது, டி-6ங்கற ஒரு குறுக்கு பைப்புல ஹைட்ரோபோன் மாட்டறதுக்கு ஒரு சின்ன பிட்டிங்க 6 மில்லிமீட்டர் பில்லெட் வெல்டுல ஒட்ட வச்சிருந்தாங்க, அந்த வெல்டுல கட்டுனப்பவே கிராக் இருந்திருக்கு, ஒடஞ்ச முகத்துல பெயின்ட் இருந்தத வச்சு கண்டுபிடிச்சாங்க, அதாவது பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே அது தெறந்திருந்துச்சு. அலை அடிக்க அடிக்க அது ஃபெட்டீக்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற பாரத்தால, வளந்து அந்த குறுக்கு பைப்பு ஒடஞ்சு, பாரம் தாங்காம மத்ததும் ஒடஞ்சு, ஒரு தூணே கழண்டு போச்சு. பிட்டிங் பாரம் தாங்கற பாகம் இல்ல, அதனால அந்த வெல்டும் முக்கியமில்லன்னு நெனச்சிருப்பாங்க. ஆனா அது ஒட்டியிருந்த பைப்பு பாரம் தாங்கற பைப்பு. அதனால டிராயிங்ல "நான் பிரஷர் அட்டாச்மென்ட்"னு போட்டிருந்தாலும் அது எதுமேல ஒட்டியிருக்குன்னுதான் நான் முதல்ல பாப்பேன்.

இன்னொண்ணு ரிபேர் வெல்டு. பிளான்ட்ல வேல பாக்கற யாருமே அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் ரோமியோவில் ரிபைனரியில 1984 ஜூலை 23 நடந்தத ஒரு தடவையாவது படிச்சிருக்கணும்னு நான் நெனைக்கறேன். அங்க ஒரு அமைன் அப்சார்பர், புரொப்பேன், பியூட்டேன் மாதிரி கேஸ்ல இருக்கற ஹைட்ரஜன் சல்பைடை கழுவி எடுக்கற உயரமான வெசல். ஏ516 கிரேடு 70, சுவர் கனம் 25 மில்லிமீட்டர், 1970ல ஓட ஆரம்பிச்சது. 1974ல அதுல ஒரு ரிங்க முழுசா வெட்டி எடுத்துட்டு அங்கயே வச்சு புது ரிங்க வெல்டு பண்ணாங்க. வெல்டுக்கு அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணல, அந்த கனத்துக்கு வெசல் கட்டற விதிமுறை (கோட்) அத கட்டாயம்னு சொல்லவும் இல்ல. பத்து வருஷம் ஓடுச்சு. அன்னிக்கு ஒரு ஆபரேட்டர் வெசலோட அடிப்பக்கம் படுக்கவாட்டுல ஒரு கிராக்ல இருந்து கேஸ் கசியறத பாக்கறாரு, வால்வ மூட முயற்சி பண்றப்ப அவர் கண்ணு முன்னாடியே அது நீளுது, ஆளுங்கள வெளியேத்த ஆரம்பிச்சு, தீயணைப்பு ஆளுங்க வந்துக்கிட்டிருக்கறப்பவே வெசல் ரெண்டா பிஞ்சு மேல் பாதி பறந்து போய் விழுந்துச்சு. 17 பேரு செத்துப் போனாங்க.

ஒடஞ்ச எடத்த ஆராய்ஞ்சு பாத்தா கிராக் ஆரம்பிச்சது அந்த ரிபேர் வெல்டோட ஹாஸ்ல. அங்க இரும்பு அளவுக்கு மீறி கெட்டியா இருந்துச்சு. உள்ள ஓடற ஹைட்ரஜன் சல்பைடு இரும்போட வினை புரிஞ்சு ஹைட்ரஜன விடுது, அது சுவருக்குள்ள ஊறி அந்த கெட்டியான பட்டையத் தேடிப் போய் வெடிக்க வைக்குது. வெல்டு போட்டப்ப வர்ற ஹைட்ரஜன் சில நாள்ல போயிடும், ஆனா இங்க பிளான்டே தினமும் ஹைட்ரஜன் ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. வெடிக்கறதுக்கு முன்னாடியே கிராக் சுவரோட கனத்துல பெரும்பகுதிய தின்னுடுச்சு. வெல்டு போட்ட அன்னிக்கு எந்த டெஸ்ட் பண்ணிருந்தாலும், எக்ஸ்ரே ஆனாலும் அல்ட்ராசானிக் ஆனாலும், கிராக்க காட்டிருக்காது. பிரச்சனை அங்க கிராக்கா இல்ல, கெட்டித்தன்மையா இருந்துச்சு.

அதனால சோர் சர்வீஸ்ல, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு ஓடற எடத்துல, ஹார்ட்னஸ்தான், அதாவது கெட்டித்தன்மைதான், முதல் கேள்வி. நேஸ் எம்ஆர்0175ங்கற ஸ்டாண்டர்டுல வர்ற ராக்வெல் சி 22, விக்கர்ஸ்ல பாத்தா 250 பக்கம், அப்புறம் ரிபைனரி கார்பன் ஸ்டீல் வெல்டு மெட்டலுக்கு பிரினெல் 200ங்கற அளவு எல்லாம் இப்படி அடிபட்டு வந்த நம்பர்ங்க. ஆனா ஹார்ட்னஸ் எடுக்கறதுலயே ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அத சொல்லாம போக முடியாது. சைட்ல பிரினெல் எடுக்கற கருவில 10 மில்லிமீட்டர் குண்டு, அது பதியற பள்ளம் சில மில்லிமீட்டர் அகலம், கெட்டியான ஹாஸ் பட்டை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அப்ப அந்த குண்டு கெட்டியானதையும் மிருதுவானதையும் சேத்து அமுக்கி ஒரு சராசரி நம்பர குடுக்குது, அது 190னு வந்தா எல்லாரும் சந்தோஷமா போயிடறாங்க. உண்மையான ஹாஸ் ஹார்ட்னஸ் தெரியணும்னா ப்ரொசீஜர் குவாலிபிகேஷன், அதாவது வேலைக்கு முன்னாடி வெல்டு முறைய சோதிச்சுப் பாக்கறது, பண்றப்பவே சாம்பிள வெட்டி பாலிஷ் பண்ணி எட்ச் பண்ணி 10 கிலோ விக்கர்ஸ்ல வரிசையா புள்ளி வைக்கணும். அங்க பாஸ் ஆன அதே ஹீட் இன்புட், அதே ப்ரீஹீட் சைட்லயும் இருந்துச்சான்னு பாக்கறதுதான் நெசமான இன்ஸ்பெக்ஷன். அதாவது வெல்டு ஓடறப்ப பக்கத்துல நின்னு பாக்கறது, அதுக்கு பதிலா எந்த கருவியும் கெடையாது.

வெல்டுக்கு அப்புறம் பண்ற ஹீட் ட்ரீட்மென்ட், எல்லாரும் ஸ்ட்ரெஸ் ரிலீவ்னு சொல்றது, கார்பன் ஸ்டீலுக்கு 600 டிகிரி பக்கம் ஏத்தி, கனத்துக்கு தகுந்த நேரம் வச்சு, மெதுவா எறக்கறது. பேருல ஸ்ட்ரெஸ் மட்டும் இருந்தாலும் அது ரெண்டு வேல பண்ணுது, உள்ள இறுகியிருக்கற இழுவிசைய தளத்துது, மார்டென்சைட்ட டெம்பர் பண்ணி கெட்டித்தன்மைய எறக்குது. அதனாலதான் அமைன், காஸ்டிக் மாதிரி சர்வீஸ்ல கனம் எவ்வளவா இருந்தாலும் பண்ணச் சொல்றாங்க. பண்ணியாச்சுன்னா சார்ட்ட பாருங்க, தெர்மோகப்புல் எங்க ஒட்டிருந்துச்சுன்னும் பாருங்க, மேல மட்டும் ஒட்டிட்டு கீழ பாதி 80 டிகிரி கம்மியா இருந்த கதைங்க நெறைய உண்டு.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு போனா இதுவரைக்கும் சொன்னது பாதி தலைகீழாயிடும். 304, 316 மாதிரி ஆஸ்டெனிடிக் ஸ்டீல் கெட்டிப்படாது, ஹைட்ரஜன் கிராக் பயம் இல்ல, ப்ரீஹீட் வேணாம், சொல்லப்போனா சூடு கம்மியா இருக்கறதுதான் நல்லது. இங்க பிரச்சனை வேற. 425ல இருந்து 815 டிகிரிக்குள்ள கொஞ்ச நேரம் தங்குனா கார்பனும் குரோமியமும் சேந்து குருணை எல்லையில கார்பைடா படியும், அத ஒட்டின எடத்துல குரோமியம் 12 சதவீதத்துக்கு கீழ எறங்கும், அப்ப அங்க மட்டும் அது ஸ்டெயின்லெஸ் இல்லாம போயிடும். வெளிய பளபளன்னு இருக்கற பைப்பு வெல்டுக்கு சில மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு மாதிரி அரிச்சுப் போறது இதாலதான். 304ல கார்பன் 0.08 வரைக்கும் இருக்கலாம், 304எல்ல 0.03 பக்கம், அந்த எல் ஒரு எழுத்துல வித்தியாசம் அவ்வளவு. இல்லன்னா 321ல டைட்டானியமும் 347ல நியோபியமும் போட்டு கார்பன முன்னாடியே கட்டிப் போட்டுடுவாங்க.

அப்புறம் ஹாட் கிராக். இது உறையறப்பவே வர்றது, கந்தகமும் பாஸ்பரசும் கடைசியா உறையற திரவத்துல சேந்துக்கிட்டு நடுக்கோட்டுல பிளக்கும், காத்திருக்க வேண்டியதே இல்ல, ஆறுன உடனே பெனட்ரன்ட், அதாவது பிளவுக்குள்ள எறங்கற சாயம், போட்டா தெரிஞ்சிடும். இத தடுக்க வெல்டு மெட்டல்ல 3ல இருந்து 10 வரைக்கும் பெரைட் நம்பர் (காந்தம் புடிக்கற பெரைட்டோட அளவு) வர்ற மாதிரி 308எல் பில்லர டிசைன் பண்ணிருக்காங்க. கார்பன் ஸ்டீலோட ஸ்டெயின்லெஸ்ஸ சேக்கறப்ப 308 போட்டா கலப்புல குரோமியமும் நிக்கலும் குறைஞ்சு நடுவுல மார்டென்சைட்டே வந்துடும், அதுக்குத்தான் 309எல். உள்பக்கம் காத்த வெளியேத்த விடற ஆர்கான் பர்ஜ் சரியா இல்லன்னா ரூட்டுல நீலமும் கருப்புமா ஒரு கலர் வரும், அது அழகுப் பிரச்சனை இல்ல, அந்த ஆக்சைடுக்கு கீழ குரோமியம் கொறஞ்ச ஒரு தோல் இருக்கு, குழி குழியா அரிக்கற பிட்டிங் அங்க இருந்து ஆரம்பிக்கும். வெளிர் மஞ்சள் வரைக்கும் பெரும்பாலும் விடுவாங்க. கால்வனைஸ் பண்ண கம்பி, துத்தநாக பெயின்ட், துத்தநாகம் கலந்த மார்க்கர் எதுவும் ஸ்டெயின்லெஸ் வெல்டு பக்கத்துல இருக்கக் கூடாது, உருகுன துத்தநாகம் குருணை எல்லை வழியா உள்ள போய் கண்ணாடி மாதிரி ஒடச்சுடும்.

டூப்ளெக்ஸ் 2205 இருக்கே, அது ரெண்டு பக்கமும் அடி. பாதி பெரைட் பாதி ஆஸ்டெனைட்டா இருக்கறதுதான் அதோட பலமே. சீக்கிரம் ஆறுனா பெரைட் ஏறிப் போயிடும், மெதுவா ஆறுனா சிக்மான்னு ஒரு நொறுங்கற பேஸ் வந்துடும், அதனாலதான் இன்டர்பாஸ், அதாவது ரெண்டு பாஸுக்கு நடுவுல இருக்கற சூடு, 150 டிகிரிக்கு மேல போகாதன்னும் ஹீட் இன்புட்டுக்கு மேல கீழ ரெண்டு எல்லையும் வச்சிருக்காங்க. அவசரப்பட்டு பில்லர் இல்லாம ரூட்ட உருக்கி ஒட்ட வைக்கறதும் இங்க கூடாது, 2209 பில்லர்ல நிக்கல் கூடுதலா இருக்கறது ஆஸ்டெனைட் வரணும்னுதான்.

பவர் பிளான்ட்ல வேல பாக்கறவங்க பி91ன்னாலே கொஞ்சம் நிமிந்து உக்காருவாங்க, சரிதான். 9 குரோம் 1 மாலி, வனேடியம், நியோபியம். அது காத்துல ஆறுனாலே முழு மார்டென்சைட், அதான் அதோட டிசைனே. 200 டிகிரி ப்ரீஹீட்ல போட்டு முடிச்சதும் 100 டிகிரிக்கு கீழ ஆற விட்டு மாற வேண்டியது எல்லாம் மாறுன அப்புறம்தான் 760 பக்கம் ஏத்தணும், ஆறாமலே ஏத்துனா மிச்சமிருக்கற ஆஸ்டெனைட் பின்னாடி டெம்பர் ஆகாத மார்டென்சைட்டா வரும். அதுக்காக ஆறுன ஜாயின்ட்ட ரெண்டு நாள் மழையில போடவும் கூடாது, அந்த நிலைமையில ஈரம் பட்டாலே கிராக் வரும். சூடு 800 தாண்டிடுச்சுன்னா திரும்ப ஆஸ்டெனைட்டாக ஆரம்பிக்கும், பில்லர்ல நிக்கலும் மாங்கனீசும் அதிகமா இருந்தா அதுக்கும் முன்னாடியே, அப்புறம் அந்த பைப்போட கிரீப் பலம், அதாவது சூட்டுல மெல்ல நீளாம தாங்கற பலம், போச்சு. இங்க ஹார்ட்னஸ் அதிகமா இருந்தாலும் தப்பு, ரொம்ப கம்மியா இருந்தாலும் தப்பு. எல்லாம் சரியா பண்ணாலும் பல வருஷம் ஓடுன பிறகு ஹாஸோட வெளி ஓரத்துல, குருணை பொடிசா இருக்கற எடத்துல, டைப் 4னு சொல்ற கிரீப் கிராக் உள்ளுக்குள்ள ஆரம்பிக்கும். அதனால பழைய லைன்ல வெல்டு நடுவுல தேடறத விட ஓரத்துல தேடணும்.

இவ்வளவும் தெரிஞ்சா கருவிய தேர்ந்தெடுக்கறது சுலபம். ரேடியோகிராபி கனத்துல வர்ற வித்தியாசத்த நிழலா காட்டுது, ஸ்லாக், போராசிட்டி, ரூட் சேராததுக்கு அருமையானது, ஆனா இறுக்கி மூடின ஒரு கிராக் கதிர் போற திசைக்கு கொஞ்சம் சாஞ்சிருந்தா பிலிம்ல ஒண்ணும் விழாது. அல்ட்ராசானிக் அதுக்கு நேர் மாறு, தட்டையான கிராக் அலைக்கு நேரா நின்னா கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். 30 டிகிரி பெவல்ல, அதாவது சாய்ச்சு வெட்டின ஓரத்துல, சைடுவால் சேரலன்னா 60 டிகிரி ப்ரோப் அந்த முகத்த நெத்திக்கு நேரா அடிக்குது, 45ஐ வச்சு தேடுனா எதிரொலி வேற பக்கம் போயிடும், அதனால ரிப்போர்ட்ல ப்ரோப் ஆங்கிள் என்னன்னும் பெவல் என்னன்னும் சேத்து படிங்க. ஆஸ்டெனிடிக் வெல்டுல பெரிய குருணைங்க அலைய வளைக்கும், சிதறடிக்கும், கார்பன் ஸ்டீலுக்கு பண்ற மாதிரி அங்க பண்ணா வர்றது வெறும் சத்தம்தான். மேக்னெடிக் பார்ட்டிகிள் காந்தம் புடிக்கற ஸ்டீல்ல மேற்பரப்பு கிராக்குக்கு ரொம்ப நல்லது, 300 சீரிஸ்ல வேலைக்கே ஆகாது, அங்க பெனட்ரன்ட்தான். ஓடுன அமைன் வெசல உள்ள போய் பாக்கறதுன்னா ஈர புளோரசன்ட் மேக்னெடிக் பார்ட்டிகிள், அதுவும் நல்லா சுத்தம் பண்ணிட்டு இருட்டுல.

பிஎம்ஐ, அதாவது மாட்டியிருக்கறது எந்த உலோகம்னு சோதிச்சு உறுதி பண்றது, அது பத்தி ஒரு விஷயம். 2005 ஜூலை 28ல டெக்சாஸ் சிட்டி ரிபைனரியில ஹைட்ரோட்ரீட்டர் யூனிட்ல பைப்பு வெடிச்சு பெரிய தீ புடிச்சுது. பராமரிப்புல கழட்டுன மூணு எல்போவும், அதாவது வளைவு பைப்பும், பாக்க ஒரே மாதிரி, அதுல ஒண்ணு கார்பன் ஸ்டீல், மத்த ரெண்டு லோ அலாய், திரும்ப மாட்டறப்ப கார்பன் ஸ்டீல் எல்போ சூடான ஹைட்ரஜன் போற எடத்துக்கு மாறிப் போச்சு, சில மாசத்துலயே போயிடுச்சு. கையில புடிக்கற எக்ஸ்ரே கன்ன வச்சு சில செகண்டுல கண்டுபிடிச்சிருக்கலாம். அதே சமயம் அந்த கன்னுக்கு கார்பன் கண்ணு தெரியாது, அதனால 304ஐயும் 304எல்லையும் அதால பிரிக்க முடியாது, அதுக்கு ஸ்பார்க் அடிக்கற ஓஇஎஸ் இல்ல லேசர் வகை கருவி வேணும்.

அந்த எல்போவ அரிச்ச அதே விஷயம்தான் வாஷிங்டன் மாநிலம் அனகோர்டஸ் ரிபைனரியில 2010 ஏப்ரல் 2ம் தேதி 7 பேர கொன்னுச்சு. சூடான ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள போய் அங்க இருக்கற கார்பனோட சேந்து மீத்தேனாகுது, மீத்தேன் பெரிய மூலக்கூறு, வெளிய வர முடியாம குருணை எல்லையில அழுத்தம் ஏத்தி குட்டி குட்டி பிளவா ஆக்குது. எந்த டெம்ப்ரேச்சர், எந்த ஹைட்ரஜன் பிரஷர் வரைக்கும் எந்த ஸ்டீல் தாங்கும்னு ஜார்ஜ் நெல்சன் 1949ல பிளான்ட் அனுபவங்கள சேத்து கோடு போட்டாரு, அதத்தான் நெல்சன் கர்வ்னு இன்னும் வச்சிருக்கோம். அனகோர்டஸ்ல இருந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் கார்பன் ஸ்டீல், வெல்டுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாதது. விசாரணை பண்ண கெமிக்கல் சேப்டி போர்டு போட்ட கணக்குல அது கர்வுக்கு கீழ, அதாவது பாதுகாப்பான பக்கத்துலதான் ஓடிருக்கு. ஆனா ஒடஞ்சது ஹாஸ்ல, ஏன்னா ட்ரீட்மென்ட் பண்ணாத ஹாஸ்ல மிச்சமிருக்கற ஸ்ட்ரெஸ்ஸும் கார்பன் இருக்கற விதமும் சாதாரண பிளேட்டு மாதிரி இல்ல. பிளவுங்க ரொம்ப பொடிசு, வழக்கமா பண்ற கனம் அளக்கற டெஸ்ட்ல சுவர் முழு கனத்தோடதான் தெரியும்.

2016ல வந்த, நெல்சன் கர்வ் இருக்கற ஏபிஐ 941ங்கற வழிகாட்டியோட பதிப்புல ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணாத கார்பன் ஸ்டீல் வெல்டுக்குன்னு தனியா ஒரு கர்வ, பழசுக்கு கீழ போட்டாங்க. அதுக்கு முன்னாடி கட்டுன பிளான்ட்ல ஹைட்ரஜன் லைன், எக்ஸ்சேஞ்சர் எது இருந்தாலும் பழைய பைல எடுத்து அந்த வெல்டுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட் இருக்கான்னு தேடணும், இல்லன்னா ஆச்சுன்னு நெனச்சுக்காம ஆகலன்னு எடுத்துக்கிட்டு கீழ இருக்கற கோட்டுல வச்சு பாக்கணும். எந்த எக்ஸ்சேஞ்சர்ல எந்த வெல்டுன்னு முடிவான அப்புறம்தான் அல்ட்ராசானிக் ஆள கூப்பிடணும், கூப்பிட்டா ஹாஸ் எந்த பக்கம், எவ்வளவு அகலம், எவ்வளவு சின்னத தேடறோம்னு அவர் கையில எழுதிக் குடுத்து அனுப்பணும்.